ஃபுல் ஃபிரேம் காமிரா யாருக்கு வேண்டும்?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம் ஆகிய ஊர்களில் ஸ்டூடியோ நடத்துகிறவர்களும், கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கப் போகிறவர்களும், அச்சகங்களுக்காகப் பெட்டி லேபிள்களுக்கும் காலண்டர்களுக்கும் படம் எடுத்துக் கொடுக்கிறவர்களும், தொழிலில் ஓரளவு காலூன்றிய பிறகு ஒரு கேள்வியின் முன்னால் வந்து நிற்கிறார்கள். இத்தனை காலம் சோறு போட்ட சிறிய சென்சார் காமிராவை ஒதுக்கி வைத்துவிட்டு, கடன்பட்டாவது ஃபுல் ஃபிரேம் காமிரா ஒன்றை வாங்கிவிடலாமா என்பதே அந்தக் கேள்வி. கடைக்காரரும் நண்பர்களும் தத்தம் அனுபவத்தைக் கொண்டு ஆளுக்கொரு விடை சொல்வார்கள். ஆயினும் இது அடிப்படையில் பௌதிக சாஸ்திரம் விடையளிக்க வேண்டிய விஷயம். ஒளியின் இயல்பைச் சற்றுப் பொறுமையோடு ஆராய்ந்தால், அந்தக் காமிரா யாருக்கு அவசியம், யாருக்கு அநாவசியம் என்பது விளங்கிவிடும். பட்டாசுக்குப் பெயர்போன இந்த மண்ணில், வாணவேடிக்கையைப் படமெடுக்க அது தேவையே இல்லை என்பதும், கெட்டிமேளம் முழங்கும் மங்கலான பந்தலில் அது பெரும் துணையாகக்கூடும் என்பதும் அந்த ஆராய்ச்சியில் வெளிப்படுகிற உண்மைகள்.

ஃபுல் ஃபிரேம் என்பது 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு செவ்வகம். ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக், முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், சினிமாப் படச்சுருளையே ஒரு சிறு காமிராவுக்குள் ஓடவிடலாம் என்று கண்டு, சினிமாவின் 18க்கு 24 என்ற கட்டத்தை இருமடங்காக்கி 24க்கு 36 என்று அமைத்துக்கொண்டார்; 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் லைக்கா காமிரா விற்பனைக்கு வந்த பிறகு அந்த அளவே உலகெங்கும் நிலைபெற்றது. அதில் இயற்கை நியதி எதுவும் இல்லை. 1858-இல் மதுரையின் கோபுரங்களையும் மகாலையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப் என்னும் ராணுவ அதிகாரி ஏறக்குறைய 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள காகித நெகட்டிவ்களை உபயோகித்தார். அவற்றின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இன்றைய ஃபுல் ஃபிரேமுக்கு இல்லை.

டிஜிட்டல் யுகம் பிறந்தபோது இந்த அளவு மீண்டும் ஒரு லட்சியமாயிற்று. 1999-இல் வெளிவந்த நிக்கான் டி1 காமிராவின் சென்சார் 23.7க்கு 15.6 மில்லிமீட்டர்தான். கேனன் நிறுவனம் 2002-இல் ஈ.ஓ.எஸ். 1டி.எஸ். என்னும் ஃபுல் ஃபிரேம் காமிராவையும், 2005-இல் அதைக் காட்டிலும் மலிவான 5டி காமிராவையும் கொண்டுவந்தது. 2013-இல் சோனி ஏ7 வந்ததும், கண்ணாடி இல்லாத சிறிய உடலுக்குள்ளும் அந்தச் சென்சார் புகுந்தது. பெரிய சென்சாருக்கு இவ்வளவு காலமும் இவ்வளவு விலையும் ஆனதற்குக் காரணம் சிலிக்கான் தட்டு. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டில், ஓரத்தில் வீணாவதைக் கருதாமல் வெறும் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால், சிறிய சென்சார் 190க்கு மேல் கிடைக்கும். ஃபுல் ஃபிரேம் 81தான் கிடைக்கும். தட்டில் எங்கேனும் ஒரு தூசியோ தோஷமோ விழுந்தால் பாழாகிற பரப்பும் பெரிதாகிறது. போதாக்குறைக்கு, சில்லுகளை அச்சிடும் வழக்கமான ஒளியியல் யந்திரங்கள் ஒரே வீச்சில் 26க்கு 33 மில்லிமீட்டருக்கு மேல் பதிக்க இயலாதவை ஆகையால், 36 மில்லிமீட்டர் நீளத்தைத் துண்டு துண்டாகப் பதித்து இணைக்க வேண்டியிருக்கிறது.

அளவுகளை ஒருமுறை கணக்கிட்டுக்கொள்வோம். ஃபுல் ஃபிரேமின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். நிக்கான், சோனி, ஃபியூஜி முதலியவற்றில் கிராப் சென்சார் என்று சொல்லப்படும் சிறிய சென்சார் 23.5க்கு 15.6, அதாவது சுமார் 366 சதுர மில்லிமீட்டர். கேனனுடையது இன்னும் சற்றுச் சிறியது. ஆகவே பெரியது சிறியதைக் காட்டிலும் ஏறக்குறைய 2.36 மடங்கு விஸ்தீரணமுள்ளது. இனி நாம் சொல்லப்போகும் அனைத்துக்கும் இந்த எண்ணே ஆதாரம்.

ஒளி தொடர்ச்சியான பிரவாகமாக நமக்குத் தோன்றினாலும், அது ஃபோட்டான் என்னும் தனித்தனிச் சக்தித் துணுக்குகளாகவே பொருள்களின்மேல் வந்து விழுகிறது என்பதை 1905-இல் ஐன்ஸ்டீன் எடுத்துக்காட்டினார். காமிராவின் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும், தன்மேல் விழும் ஃபோட்டான்கள் விடுவிக்கும் எலெக்ட்ரான்களைத் திரட்டி எண்ணுகிற ஒரு சிறு கலம். கரிசல் காட்டு வீட்டு முற்றத்தில் கோடைமழையின் முதல் துளிகள் விழும்போது பார்த்தால், ஒரு கல்லின்மேல் ஏழு துளியும் அடுத்த கல்லின்மேல் பன்னிரண்டு துளியுமாகத் தாறுமாறாய் இருக்கும். மழை வலுத்துப் பெய்த பிறகோ எல்லாக் கற்களும் ஒரே சீராக நனைந்துவிடும். ஒளியும் அவ்வாறே. ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 100 ஃபோட்டான் வருமானால், அந்த எண்ணிக்கை இயல்பாகவே பத்து முன்பின்னாக மாறும். அதாவது நூற்றுக்குப் பத்துப் பங்கு பிழை. 10,000 வருமானால் மாறுபாடு நூறுதான். நூற்றுக்கு ஒரு பங்கு. ஒளி குறைந்த படத்தில் மணல் தூவினாற்போல் தெரியும் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் காமிராவின் குற்றமல்ல. போதிய ஃபோட்டான்கள் வந்து சேராததன் விளைவு. அதை நீக்கிக் காட்டும் மென்பொருள்கள் இன்று வெகு சாமர்த்தியமானவை என்றாலும், பதிவாகாத ஒளியை அவை உண்டாக்குவதில்லை; ஊகித்து நிரப்புகின்றன. மணப்பெண்ணின் பட்டுச்சேலையில் சரிகை எங்கே ஓடியது என்பதை ஊகத்துக்கு விட்டுவிடுவது, அந்தச் சேலைக்காக அலைந்து திரிந்து கடைகடையாக ஏறி இறங்கிய குடும்பத்துக்குச் செய்யும் நியாயமாகாது.

ஒரே காட்சியை, ஒரே எஃப் எண்ணில், ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால், ஃபுல் ஃபிரேம் 2.36 மடங்கு ஃபோட்டான்களைச் சேகரிக்கிறது. பிழை அந்த எண்ணின் வர்க்கமூலத்தின்படி குறைவதால், படத்தின் தெளிவு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் உயர்கிறது. ஃபுல் ஃபிரேமில் ஐ.எஸ்.ஓ. 6400 வைத்து எடுத்த படம், சிறிய சென்சாரில் சுமார் 2700 வைத்து எடுத்த படத்துக்குச் சமானமாக இருக்கும் என்று சொல்வதும் இதையே. இந்த லாபம் மெய்யானது. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எஃப் எண் என்பது லென்ஸின் குவிய தூரத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது. 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2-இல் வைத்தால் துவாரத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர். ஏறக்குறைய அதே காட்சியைச் சிறிய சென்சாரில் பிடிக்க 35 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். அதையே எஃப் 2-இல் வைத்தால் துவாரம் பதினேழரை மில்லிமீட்டராகிவிடுகிறது. மணப்பெண்ணின் முகத்திலிருந்து புறப்பட்டு வருகிற ஒளியில் எவ்வளவு உள்ளே நுழையும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் துவாரமே அன்றி, பின்னால் எவ்வளவு பெரிய சென்சார் காத்திருக்கிறது என்பதல்ல. 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.4-க்குத் திறந்துவிட்டால் அதன் துவாரமும் 25 மில்லிமீட்டர் ஆகிறது. அப்போது இரண்டு காமிராக்களும் அநேகமாக ஒரே அளவு ஒளியைத்தான் பெறுகின்றன, முன்பின் மங்கல்கூட ஒன்றாகவே அமைகிறது. பெரிய சென்சாரின் மகிமை என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி, அதற்குப் பொருந்தும் லென்ஸ்களின் பெரிய துவாரத்துக்கு உரியது.

இப்போது நம் ஊர் இளைஞர் ஒருவர் கையில் இருக்கும் காமிராவை நினைத்துப் பார்ப்போம். அதனோடு வந்த 18-55 கிட் லென்ஸ் 35 மில்லிமீட்டர் இடத்தில் ஏறக்குறைய எஃப் 4.5 வரையே திறக்கும். துவாரம் எட்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. எஃப் 1.8 உள்ள ஒரு சாதாரண 35 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினால் துவாரம் பத்தொன்பது மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. உள்ளே வரும் ஒளி ஆறு மடங்குக்கு மேல். சென்சாரை மாற்றினால் கிடைக்கும் லாபம் 2.36 மடங்கு, லென்ஸை மாற்றினால் ஆறு மடங்கு, விலையிலோ முன்னதன் ஒரு சிறு பங்குதான் பின்னது. முதல் பணம் லென்ஸுக்கே செல்ல வேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். புதிய உடலை வாங்கிவிட்டுப் பழைய லென்ஸ்களையே அதில் பொருத்திக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சிறிய சென்சாருக்கென்று செய்த லென்ஸின் பிம்பம் ஃபுல் ஃபிரேமின் மூலைகளை எட்டாது ஆகையால், காமிரா நடுப்பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகச் சுருங்கிவிடும். அதாவது, ஃபுல் ஃபிரேமுக்கு விலை கொடுத்துவிட்டு கிராப் சென்சாரையே திரும்பப் பெற்றதாக முடியும்.

இனி வாணவேடிக்கைக்கு வருவோம். 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் விதைத்த விதையிலிருந்து வளர்ந்த சிவகாசியில், தீபாவளி இரவின் வானத்தைப் படமெடுக்க ஆசைப்படாத காமிராக்காரர் இருக்க முடியாது. இருளில் எடுக்கிற படம் ஆகையால் இதற்குப் பெரிய சென்சார்தான் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. உண்மை நேர்மாறானது. மேலே சென்று விரியும் ஃபேன்சி ரக வெடியின் ஒவ்வொரு பொறியும், எரிகிற உலோகத்தாலும் உப்புகளாலும் ஆன ஒரு சிறு சூரியன். அதன் பிம்பம் சென்சாரின்மேல் கோடு இழுத்துக்கொண்டே ஓடும்போது, ஏதேனும் ஒரு பிக்சலின்மேல் அது தங்கும் நேரம் மிக மிகச் சொற்பம்; அந்தச் சொற்ப நேரத்துக்குள் விழுகிற ஒளியே அக்கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிக்கிறது. ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்தாலும் ஐந்து விநாடி திறந்து வைத்தாலும் கோட்டின் நீளமும் எண்ணிக்கையும் கூடுமே தவிர, அதன் பிரகாசம் கூடாது. ஆகவே பிரகாசத்தைக் கட்டுப்படுத்துவது துவாரமும் ஐ.எஸ்.ஓ.வும் மட்டுமே, அனுபவசாலிகள் ட்ரைபாடின்மேல் காமிராவை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ.வை 100-இலும் துவாரத்தை எஃப் 8 முதல் 11 வரையிலும் வைத்துக்கொள்கிறார்கள். துவாரத்தைச் சுருக்குகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒளி போதாமல் தவிக்கிற இடமல்ல இது, ஒளி மிஞ்சிப்போகிற இடம். பின்னணியோ கரிய வானம். அந்தக் கருமைக்குள் நுணுக்கம் தேடுவோர் யாருமில்லை. பெரிய சென்சாரின் 2.36 மடங்கு இங்கே செலவழிக்க இடமில்லாத செல்வம்.

வாணவெடியில் உண்மையான சிரமம் வர்ணத்தில் இருக்கிறது. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்குச் சோடியம் என்று ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய குறுகிய அலைநீளங்களில் ஒளிர்கிறது. பச்சைக்கு உபயோகித்து வந்த பேரியம் உப்புகளுக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. காமிராவின் சென்சாரோ இயற்கையில் வர்ணம் அறியாதது. கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஒழுங்கின்படி, பிக்சல்களில் பாதிக்குப் பச்சை வடிகட்டியும், கால்வாசிக்குச் சிவப்பும், கால்வாசிக்கு நீலமும் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஸ்ட்ரான்ஷியத்தின் தூய சிவப்பு வந்து விழும்போது, சிவப்பு வடிகட்டியுள்ள அந்தக் கால்வாசிப் பிக்சல்களே அநேகமாக முழுச் சுமையையும் ஏற்று நிரம்பி வழிந்துவிடுகின்றன. நிரம்பிய பிறகு மேலும் வருகிற ஒளி மற்ற இரண்டிலும் சிறிது சிறிதாக ஏறி, குங்குமச் சிவப்பாக இருக்க வேண்டிய கோடு வெளிறிய மஞ்சளாகவோ வெள்ளையாகவோ முடிகிறது. இதற்குப் பரிகாரம் துவாரத்தை இன்னும் ஒரு படி சுருக்குவதே. அதையும் எல்லைக்குள் செய்ய வேண்டும். எஃப் 16-இல் ஒளியின் விளிம்பு விளைவால் ஒரு புள்ளியின் பிம்பம் சுமார் 21 மைக்ரான் அகலத்துக்கு விரிகிறது; 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரின் பிக்சல் அகலம் நான்கு மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு ஆகையால், கூர்மை கெட்டுவிடும். எஃப் 11 தாண்டாமல், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாய், புகை படம் பிடிக்கிறவரை விட்டு விலகிச் செல்லும்படி நிற்கத் தெரிந்தவர், தம்முடைய பழைய காமிராவிலேயே ஆகச் சிறந்த வாணவேடிக்கைப் படத்தை எடுத்துவிடலாம். இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும்: வெடி தயாரிக்கும் கூடங்களுக்குள்ளும் மருந்து கலக்கும் இடங்களிலும், உரிய அனுமதியும் பாதுகாப்பு அறிந்தவரின் துணையும் இன்றி, எந்தக் காமிராவோடும் காலடி வைக்கலாகாது. மின்பொறி எதுவும் அங்கே அற்ப விஷயமல்ல. எத்தனையோ குடும்பங்கள் அதற்குக் கொடுத்த விலையை இந்த மாவட்டம் அறியும்.

அச்சு இந்த வட்டாரத்தின் இன்னொரு ஜீவனம். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியாகத்தான் தமிழ்நாட்டின் பூஜை அறைகளுக்கெல்லாம் சென்றன. இன்றும் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் அங்கே வெளியாகின்றன. அச்சுக்குப் படம் கொடுப்பவர் சென்சாரைப் பற்றிக் கவலைப்படுமுன் காகிதத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ஏ3 அளவுள்ள ஒரு படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 1 கோடியே 74 லட்சம் பிக்சல் போதும். இன்றைய சாதாரணக் காமிராவில் 2 கோடியே 40 லட்சம் இருக்கிறது. வழவழப்பான ஆர்ட் காகிதத்தில்கூட, மிக வெளிச்சமான இடத்துக்கும் மிகக் கரிய இடத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய நூறு மடங்கைத் தாண்டுவதில்லை. இரண்டு வகைச் சென்சார்களும் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் அதைப் போலப் பல மடங்கு வேறுபாட்டைப் பதிவு செய்ய வல்லவை. பட்டாசுப் பெட்டிக்கும் பலகாரப் பெட்டிக்கும் மேஜைமேல் விளக்கு வைத்து, ட்ரைபாடில் நிறுத்தி எடுக்கிற படத்தில், எந்தச் சென்சார் எடுத்தது என்பதை அச்சான பிறகு கண்டுபிடித்துச் சொல்லக்கூடியவர் அரிது. ஒளியமைப்பு சரியில்லை என்றால் மட்டும் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கல்யாண ஆல்பமும் அப்படித்தான். வழக்கமான 12க்கு 36 அங்குலத் தாளில் ஒரு பக்கம் முழுவதும் நிறையும் படத்துக்கு 1 கோடியே 94 லட்சம் பிக்சல் போதுமானது. மண்டப வாசலில் கட்டுகிற பத்தடி ஃபிளெக்ஸுக்கோ அதைவிடக் குறைவாகவே வேண்டும்: மனிதக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்று கொண்டால், மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான புள்ளிகள் ஒன்றாகவே தெரியும், பத்தடி நீளத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு புள்ளி இருந்தால் அவர் குறை காணமாட்டார்.

அப்படியானால் ஃபுல் ஃபிரேமுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அந்த இடத்தில் அதற்கு ஈடு வேறில்லை. விடியற்கால முகூர்த்தம். கிராமத்து வீட்டு வாசலில் பந்தல். குத்துவிளக்கும் சில பல்புகளும் தவிர வெளிச்சமில்லை. 50 லக்ஸ் இருந்தாலே அதிகம். கெட்டிமேளம் முழங்க, தாலி முடிகிற கைகளின் அசைவு மங்காமல் பதிவாக ஷட்டர் ஒரு விநாடியில் 200-இல் ஒரு பங்காவது வேண்டும். எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் ஐ.எஸ்.ஓ. ஏறக்குறைய 3200; கிட் லென்ஸாக இருந்தால் 20,000. முன்னதைக் கிராப் சென்சார் தாங்கும். ஆனால் அந்த ஒரு கணத்தில் மணமக்களோடு பின்னால் கண்கலங்கி நிற்கும் தாயையும், அட்சதை தூவும் சுற்றத்தையும் சேர்த்து அகன்ற காட்சியாகப் பிடிக்க வேண்டுமென்றால் அகலக் கோண லென்ஸ் வேண்டும். ஃபுல் ஃபிரேமில் 35 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்ஸ் சுலபமாகக் கிடைக்கிறது. துவாரம் 25 மில்லிமீட்டர். அதே காட்சியை, அதே துவாரத்தோடு, கிராப் சென்சாரில் பெற 23 மில்லிமீட்டர் எஃப் 0.92 லென்ஸ் வேண்டும். தானியங்கிக் குவியத்தோடு அப்படி ஒரு லென்ஸைக் கடையில் கேட்டு வாங்குவது சாத்தியமில்லை. சிறிய சென்சாரின் வழி முடிகிற எல்லை இதுதான். அதற்கு அப்பால் பெரிய சென்சார் ஒன்றே கதி. எல்.இ.டி. விளக்கின் வெள்ளத்தில் மூழ்கிய மண்டப மேடையில் எடுக்கிறவருக்கு இந்த எல்லை ஒருநாளும் எதிர்ப்படாது. விளக்கைக் குறைத்து, இயல்பான வெளிச்சத்தையே நம்பி எடுக்கிறவருக்கு அது வாரந்தோறும் எதிர்ப்படும்.

அந்தப் பந்தலிலேயே, விடிந்த பிறகு மூன்று வரிசையாக உறவினர்களை நிறுத்தி எடுக்கும் குழுப்படத்தில் நிலைமை மாறிவிடுகிறது. முன்வரிசைப் பாட்டியும் பின்வரிசைப் பேரனும் ஒருங்கே தெளிவாக விழ வேண்டுமானால் துவாரத்தைச் சுருக்கியாக வேண்டும். கிராப் சென்சாரில் எஃப் 5.6 கொடுக்கும் ஆழத்தை ஃபுல் ஃபிரேமில் பெற எஃப் 8-க்குப் போக வேண்டியிருப்பதால், இரண்டிலும் துவாரம் ஒரே அளவாகி, பெரிய சென்சாரின் அனுகூலம் அநேகமாக மறைந்துபோகிறது.

கரிசல் காட்டின் இருண்ட வானத்தில் நட்சத்திரங்களைப் படமெடுப்போருக்கும் அகலக் கோணத்தில் பெரிய துவாரம் வேண்டும் ஆகையால், அவர்களுக்கும் ஃபுல் ஃபிரேம் பயனுள்ளதே. ஆனால் சித்திரை மாதத்து இரவில் நம் பூமியின் உஷ்ணம் எந்தச் சென்சாரையும் விடுவதில்லை. உஷ்ணம் ஆறு முதல் எட்டு டிகிரி ஏறுந்தோறும், ஒளியே படாமல் பிக்சலில் ஊறும் எலெக்ட்ரான்கள் இருமடங்காகின்றன. நீண்ட நேரம் திறந்து வைத்த படத்தில் அவை சிவப்பும் நீலமுமாய்ப் பொய் நட்சத்திரங்களாகத் தெரியும். தை மாசியில் எடுப்பது மேல்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்குச் செல்கிறவரின் கணக்கு இதற்கு மறுதலையானது. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாக்கப்பட்டு, 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகிய அந்தக் காட்டில், உச்சிக்கிளையில் பாயும் அணிலை 300 மில்லிமீட்டர் லென்ஸ் எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறதோ, அந்த அளவு எந்தச் சென்சாரிலும் ஒன்றே. 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால், அந்த அணிலின்மேல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பிக்சல்கள் விழுகின்றன. பகல் வெளிச்சம் உள்ளவரை சிறிய சென்சாரே அங்கே மேலானது. அதே தோற்றத்தைப் பெரிய சென்சாரில் பெற 450 மில்லிமீட்டர் லென்ஸைச் சுமந்துகொண்டு மலையேற வேண்டும். அ. மாதவையாவின் புதல்வரும், காட்டுயிர்ப் படங்களுக்காக நாடறிந்தவருமான மா. கிருஷ்ணன், பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று பெயரிட்டு, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளின் வாழ்க்கையைப் பதிவு செய்தார். தமக்கு எது வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்த பிறகு கருவியைத் தேடிய அந்த வரிசைக்கிரமம் நம் ஒவ்வொருவருக்கும் உரியது.

ஆகவே, வாங்க நினைப்பவர் கடைக்குப் புறப்படுமுன் தம்முடைய கணினியைத் திறக்கட்டும். ஒவ்வொரு படத்தோடும் அதன் ஐ.எஸ்.ஓ., எஃப் எண், லென்ஸ் ஆகியவற்றைக் காமிரா எழுதி வைத்திருக்கிறது. சென்ற ஓராண்டில் ஆல்பத்துக்குத் தேர்ந்த படங்களில் அந்த எண்களை நோக்கினாலே போதும். பெரும்பாலானவை 1600-க்குக் கீழே இருந்தால், பணத்தை விளக்குக்கும் ட்ரைபாடுக்கும் செலவிடுங்கள். 6400-க்கு மேலே இருந்து, அவை கிட் லென்ஸில் எடுத்தவையாக இருந்தால், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நல்ல லென்ஸை முழுவதும் திறந்து வைத்த பின்னரும் 6400-ஐத் தாண்டித்தான் உங்கள் தொழில் நடக்கிறது என்று அந்த எண்கள் காட்டினால், ஃபுல் ஃபிரேம் காமிராவையும் எஃப் 1.4 லென்ஸையும் ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்து, அந்தப் படங்களைக் கணினித் திரையில் பெருக்கிப் பார்ப்பதோடு நில்லாமல் ஆல்பத் தாளில் அச்சிட்டு, உங்கள் பழைய காமிராவின் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளில் வித்தியாசம் தெரிந்தால் தயங்காமல் வாங்குங்கள்.